விருது நாவலின் கடைசி அத்தியாயம்

அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த நாவலுக்குப் பெரிய விருது அறிவித்ததும், அதற்குள் குடியிருந்த ராமபாணப் பூச்சிக்குக் குலை நடுங்கியது. கடைசி அத்தியாயத்தைச் சுவடு தெரியாமல் அது தின்று தீர்த்திருந்தது.

“இன்னைக்கு நீ மாட்டுன. அவர் கட்டாயம் எடுப்பார்” என்றது சுவரிலிருந்த பல்லி.

வீட்டுக்காரர் சிவநேசன் எடுத்தார். ஒரே மூச்சில் படித்தார். பூச்சி அட்டையின் முதுகுக்குள் ஒடுங்கிக்கொண்டது. மிஞ்சியிருந்த கடைசிப் பக்கத்தில் அவர் விரல் அசையாமல் நின்றது.

பிறகு மனைவியை அழைத்தார். “மங்கை, எழுத்தாளர் கதையைப் பாதியிலயே நிறுத்திட்டார். முடிவை நம்ம யோசனைக்கு விட்டிருக்கார். இதுக்குத்தான் விருது குடுத்திருக்காங்க.”

பல்லிக்குப் பொறுக்கவில்லை. “மிச்சத்தைப் பூச்சி தின்னுடுச்சுய்யா” என்று சுவர் அதிரக் கத்தியது.

“பாத்தியா, பல்லியே ஆமான்னு சொல்லுது” என்றார் சிவநேசன்.