பத்தடி தள்ளி

"கண்ணை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியாம்மா?"

கோச் டுவைட் மூக்கோடு மூக்கு உரச நின்றார். அவர் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோல் ஒன்று ரோண்டாவின் நீல அம்பயர் சட்டையில் வந்து ஒட்டியது. அவள் தட்டிவிடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பையன் அவுட், கோச்."

"அவுட்டா? அவன் பேஸை மிதிச்சு, மூச்சு வாங்கி, அப்புறம்தான் பந்தே வந்துச்சு! ஹாட்டாக் விக்கறவனைக் கேளு, அவன்கூடச் சொல்லுவான்!"

"பந்துதான் முதல்ல வந்துச்சு."

பேஸ்பால் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸ். முதல் பேஸ் என்னும் வெள்ளைத் திண்டுக்கு ஓடி வந்த அந்தப் பையன் பிழைத்திருந்தால் ஆட்டம் சமமாகியிருக்கும். டுவைட்டின் கோபம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் வலைக்குப் பின்னால் வென்டல் உட்கார்ந்திருந்தார், மடியில் தாளோடு. நெப்ராஸ்கா மாநில இறுதிப் போட்டிக்கு நான்கு அம்பயர்களை அவர்தான் தேர்ந்தெடுக்கப்போகிறார். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். பதினோரு வருடமாக அவள் காத்திருக்கும் இடம் அந்த நான்காவது. இன்று ஒரு தவறு போதும், அது போய்விடும்.

"எல்லா அம்பயரும் கிட்ட நிப்பாங்க. கண்ணு கால்ல, காது க்ளவுஸ்ல! 'டப்'புன்னு பந்து விழற சத்தம் முந்தினா அவுட், கால் முந்தினா சேஃப். நீ என்னடான்னா பத்தடி தள்ளி நின்னு வேடிக்கை பாக்கறே!"

"அங்கேருந்துதான் காலும் க்ளவுஸும் சேர்ந்து தெரியும்."

"அப்போ கார்லைலைக் கேளு. முப்பது வருஷமா அம்பயரா நிக்கறவர். அவர் என்ன சொல்றாரோ ஒத்துக்கறேன்."

மறு கோடியில் பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கார்லைல் முகமூடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ரோண்டாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவள் அதை இழுத்துப் பிடித்தாள். கேட்பது ஒன்றும் குற்றமில்லை, விதியே அனுமதிக்கிறது. ஆனால் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்ல இன்று இன்னொருவர் தயவு வேண்டுமென்றால், நாளைக்கும் வேண்டும். அதற்குப் பிறகு தன்னையே நம்ப முடியாது.

கண்ணை மூடாமலே மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பேஸில் நிற்பவனின் க்ளவுஸ் தோலுக்குள் பந்து புதைகிறது. க்ளவுஸ் சுருங்குகிறது. அதற்குப் பிறகு, ஓர் இமை அசையும் நேரம் கழித்து, பேஸின் விளிம்பில் புழுதி எழும்புகிறது.

"கேக்க மாட்டேன். நான் பார்த்தது பார்த்ததுதான்."

டுவைட் தொப்பியைத் தரையில் அடித்தார். முதுகைக் காட்டி நடந்துகொண்டே கையை ஆட்டி ஏதோ சொல்ல, கேலரி முழுக்கப் பற்கள் தெரிந்தன. அவள் விதைத் தோலைத் தட்டிவிட்டு, மறுபடியும் பத்தடி தள்ளியே போய் நின்றாள்.

ஆட்டம் முடிந்து பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது, போனை உயர்த்திப் பிடித்தபடி எதிரே வந்தார் வென்டல்.

"வீடியோவை மூணு தடவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். பந்துதான் முதல்ல!"

அவள் கழற்றிய ஷூவை ஓரமாக வைத்தாள்.

"டுவைட் உன்னைக் கொன்னுடுவான்னு நினைச்சேன்."

"எதால? சூரியகாந்தி விதையாலயா?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்தக் கூச்சல்ல காதை நம்பினவன் எவனா இருந்தாலும் ஏமாந்திருப்பான். நீ ஒருத்திதான் தள்ளி நின்னு கண்ணை நம்பினே. யாரு சொல்லிக் குடுத்தது?"

"நானாத்தான் கத்துக்கிட்டேன். ஒரு வருஷம் ஆச்சு."

வென்டல் தாளை வண்டியின் ஓரத்தில் வைத்துக் குனிந்தார். நான்காவது வரியில் அவள் பெயரை எழுதினார். எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, பேனாவை மூடும்வரை காத்திருந்தாள்.

"இப்போ நிமிர்ந்து கேளுங்க வென்டல், உங்க உதடு தெரியலை. ரெண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாப் போய், இந்தப் பனிக்காலத்தோட எனக்குக் கேக்கறதே சுத்தமா நின்னுடுச்சு."