இரண்டு மருந்தும் ஒரே கவுன்ட்டரில்

சுங்கை லாலாங் பக்கத்துக் கிளினிக்கில் காலை வெயில் கண்ணாடி வழியே சாய்வாக விழுகிறது. செம்பனைக் குலை வெட்டும் பரஞ்சோதி மருந்துக் கவுன்ட்டர் முன் நிற்கிறான். சட்டைக் கையில் தோட்டத்துப் பனி இன்னும் காயவில்லை. ஹெரோயினை விட்ட பிறகு அந்த ஏக்கத்தை அடக்கும் மெத்தடோன் மருந்தைக் குடிக்க நாலு வருஷமாக இங்கேதான் வருகிறான். பழைய ஊசி ஈரலில் விட்டுப்போன ஹெபடைடிஸ் சி கிருமிக்கு மட்டும் எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். மூன்று தடவை போனான். "முதலில் மெத்தடோனை நிறுத்து" என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார்கள். இன்று முதல் அந்தக் கிருமிக்கான மாத்திரையும் இங்கேயே கிடைக்கிறது. நர்ஸ் ஜைனப் மிஸ்ஸி மெத்தடோன் கோப்பையையும் மாத்திரையையும் ஒரே தட்டில் வைக்கிறாள். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிச்சையம்மாள், தோட்டத்து லயத்தில் அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பக்கத்துப் பெண்ணிடம் சத்தமாகவே சொல்கிறாள்: "ஊசி போட்டவனுக்கெல்லாம் இவ்ளோ நல்ல மருந்தா? வேஸ்ட்லா."

ஜைனப் குரலைத் தாழ்த்துகிறாள். "அண்ணே, உள்ள ரூம்ல வந்து சாப்பிடுறீங்களா?"

"வேணாம் மிஸ்ஸி. இங்கயே சாப்பிடுறேன்." அவன் பெஞ்சைப் பார்த்துத் திரும்புகிறான். "அக்கா, எனக்கும் ஈரல் ஒண்ணுதான் இருக்கு."

மறுபடி கவுன்ட்டர் பக்கம் திரும்புகிறான். கோப்பையை ஒரே மடக்கில் காலி செய்கிறான். மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிக்கிறான். விழுங்கியதைக் காட்ட மிஸ்ஸியிடம் வாயைத் திறக்க வேண்டும் என்பது இங்கே விதி. அவளிடம் திறந்து காட்டுகிறான். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, கறை படிந்த பற்களெல்லாம் தெரிய, இன்னும் அகலமாகத் திறக்கிறான்.