ஒத்துவராத மாத்திரை

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, கண்டியில் டொக்டர் கமலாசனியிடம் வழுக்கைக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லி ஒரு துணிக்கடை முதலாளி வந்தார். அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் தலையிலுள்ள நீண்ட தழும்பு முடிக்குள் மறைந்துவிட வேண்டும்.

"பக்க விளைவு எது வந்தாலும் பரவாயில்லை," என்றார் சிங்களத்தில்.

"தழும்பு எப்படி வந்தது?"

"எண்பத்து மூன்று கலவரத்தில். ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காப்பாற்றப் போய் வெட்டு வாங்கினேன்."

கமலாசனி பேனாவை மூடினார்.

"இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவராது."

அவர் தொங்கிய முகத்துடன் போனார். தாதி சகீனாவுக்கு மனம் கேட்கவில்லை.

"நல்ல மனிசன். உண்மையாவே ஒத்துவராதா, டொக்டர்?"

"ஒத்துவரும்."

"அப்ப ஏன்?"

"அப்பா உள்ளுக்க இருக்கேக்க எங்கட வீட்டுக்கு நெருப்பு வச்சவன் அவன்தான். குசினிக் கத்தியால வெட்டினது நான். சாகுமட்டும் அந்தத் தழும்பு வெளியில தெரியட்டும்."