பேராமை கேட்ட கேள்வி

பவளப்பாறைக்கும் கரைக்கும் நடுவே கடற்புல் மண்டிய ஓர் இடம். அங்கே ஒரு பேராமை புல் மேய்ந்துகொண்டிருந்தது. எட்டு வருஷமாக மேய்வதால் அந்த இடமே தனக்குச் சொந்தம் என்று அதற்கு நினைப்பு. யார் வந்தாலும் "எந்த ஊரு?" என்று கேட்காமல் விடாது. பக்கத்துப் பாறையில் ஓர் அழுங்காமை கடற்பஞ்சைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் ஏழுவரி ஆமை ஒன்று வந்தது. பார்த்தால் சின்னத் தோணி ஒன்று கவிழ்ந்து மிதக்கிற மாதிரி இருந்தது. வயிறு நிறைய முட்டை. கரைக்குப் போகப் பவளப்பாறையில் இருந்த ஒரே திறப்பில் பேராமை குறுக்கே நின்றது.

"எந்த ஊரு?"

"ஊருன்னு ஒண்ணும் இல்லைங்க. ஆழ்கடல்ல சுத்திக்கிட்டே இருப்பேன். கொஞ்சம் வழி விடுங்க, கரைக்குப் போகணும்."

"ஊர் பேர் இல்லாதவங்களை உள்ள விட முடியாது. வந்தவங்க எல்லாம் மேய்ஞ்சா எங்க புல்லு என்னாகுறது?"

"நான் புல்லே தின்னமாட்டேங்க, சொறிமீன்தான். முட்டையை இன்னிக்கே போட்டாகணும்."

"உனக்கு வேற கரையே கிடைக்கலையா?"

"நான் முட்டையை உடைச்சு வெளிய வந்ததே இந்தக் கரையிலதாங்க. அதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

பேராமை நகர்ந்து வழி விட்டது. ஏழுவரி ஆமை கரையைப் பார்த்துப் போயிற்று.

அழுங்காமை வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டது: "அக்கா, நீங்க முட்டை போட பத்து நாள் நீந்திப் போவீங்களே, அது எந்த ஊரு?"

பேராமை புல்லுக்குள் தலையை விட்டுக்கொண்டது.

"இந்த வருஷம் புல்லு நல்லா வந்திருக்கு" என்றது.