பிஸ்கட் டப்பாவின் மூடி

ஃபெம்கே பிஸ்கட் டப்பாவைத் திறந்து என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

பிஸ்கட்டைவிட அந்தத் திறந்த டப்பாதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் காபிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான். எடுத்ததும் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் என் மனைவி ஃபெம்கேயை மிஞ்ச ஹார்லிங்கன் ஊரிலேயே ஆள் கிடையாது. பாதிரியார் வந்தாலும் ஒன்றுதான்.

புற்றுநோய் என்று என் இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்த பிறகு, டப்பா மூடப்படவே இல்லை.

வருகிறவர்கள் எல்லோரும் சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சினார்கள். எனக்கோ பிஸ்கட்டில் இருக்கும் வெண்ணெய்கூடத் துருப்பிடித்த இரும்பாக ருசித்தது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை எடை இன்னும் இறங்கியிருந்தால் மூக்கில் குழாய் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

இந்த ஊரில் சாகப்போகிறவனுக்குத்தான் டப்பாவைத் திறந்தே வைப்பார்கள் என்று எனக்கு ஒரு பயம். ஃபெம்கேயிடம் அதைச் சொன்னதில்லை.

கடமைக்கு ஒன்றை எடுத்துக் காபியில் நனைத்து, மென்று மென்று விழுங்கினேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு கெர்பன் வந்து உட்கார்ந்தான். தன் பங்கு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பழைய புளுகை ஆரம்பித்தான். வாய்க்கால் உறைந்த அந்தக் குளிர்காலத்தில், பக்கத்து ஊரான ஃப்ரானேகர் வரை பனிக்கட்டி மேல் சறுக்கிப் போனதில் என்னை முந்திவிட்டானாம்.

"பாலத்துக்கடியில குப்புற விழுந்த உன்னைத் தூக்கி விட்டதே நான்தான்டா!" என்றேன்.

"விழுந்தது என் தம்பிடா! வயித்தோட சேத்து மூளையையும் வெட்டிட்டாங்களா உனக்கு?"

என்னை யாராவது திட்டி எத்தனை மாதமாயிற்று! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பாலத்தின் மேலேயே நின்றிருந்த ஃபெம்கேயும் சண்டையில் குதித்தாள். விழுந்தது நாங்கள் இரண்டு பேருமேதானாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம்.

டப்பென்று மூடி விழுந்தது.

"ஒண்ணுதான்!" என்றாள் ஃபெம்கே, யார் கை என்றுகூடப் பார்க்காமல்.

மூடி சரியாகப் பொருந்தவில்லை. அதற்கடியில் என் விரல்கள் இருந்தன. அவற்றில் இரண்டாவது பிஸ்கட் இருந்தது.

ஃபெம்கேயின் முகம் வெளுத்துப்போயிற்று.

யாரும் கெஞ்சவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. எனக்குப் பசித்திருக்கிறது.

அவள் பதறிப்போய் மூடியைத் தூக்கினாள். நான் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். வெண்ணெய், வெண்ணெயாகவே ருசித்தது.

"இப்ப மூடிடு," என்றேன் வாய் நிறைய. "கெர்பன் ஒண்ணு எடுத்தாச்சு."

ஃபெம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டப்பாவை அழுத்தி மூடி, அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.