கண்டித்து அனுப்புவார்கள்

“தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?”

நீதிபதி கேட்டது தம்பியை. கடைசி பெஞ்சில் இருந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

குற்றவாளி என்று சொல்லி முடித்தாகிவிட்டது. இனி எத்தனை ஆண்டு என்பதுதான் மிச்சம். பத்து வரைக்கும் போகலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

கூண்டில் நின்றவன் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் காலையிலேயே வேப்பமரத்தடியில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா அம்மா இல்லை. புருஷனை இழந்த அக்கா. நான் போனால் அவளுக்கு நாதியில்லை. பார்த்துக் குறைத்துக் கொடுங்கள் அய்யா.

“நீங்க பின்னாடி உக்காந்து அழுவுங்க. சத்தமெல்லாம் வேண்டாம். கோர்ட்டு பாருங்க,” என்று அவளிடமும் சொல்லியிருந்தார்.

அழுகை வரவில்லை.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பெயின்ட் வாளிகளில்தான் அவன் அவற்றை வளர்த்தான். செண்டுமல்லி என்றான். இலையைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. அவன் பட்டறையில் இரவு ஷிப்ட் பார்த்த நாள்களில் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று.

பூக்கவில்லை.

துணி காயப்போட ஏறியவளுக்கு ஒருநாள் வாடை காட்டிக்கொடுத்தது. அவன் சட்டையில் அடிக்கும் அதே கஞ்சா வாடை.

கெஞ்சினாள். இனி சோறு போட மாட்டேன் என்றாள்.

“எனக்கு மட்டுந்தான்க்கா. யாருக்காச்சும் வித்தனா?” என்றான். சிரித்தான்கூட.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் குடித்துவிட்டு அடித்தால், பிள்ளை வேலைவெட்டி இல்லாமல் சுற்றினால், பெண்கள் ஸ்டேஷனுக்குப் போவார்கள். கேஸ் கொடுக்க அல்ல. கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பச் சொல்ல. எஸ்.ஐ. மிரட்டுவார். இரண்டு அறை விழும். இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவளும் போனாள்.

“தம்பி மாடில செடி வெச்சிருக்கானுங்க. புடுங்கிப் போட்டுட்டு, செத்த மிரட்டி விடுங்க.”

வந்து தட்டைப்பயிறுக் குழம்பு வைத்தாள். அவனுக்குப் பிடித்தது. அடி வாங்கி வருகிறவனுக்குச் சூடாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

போலீஸார் சாக்குப்பையோடு வந்தார்கள். சாட்சிக்கு வி.ஏ.ஓ.வையும் கூட்டி வந்தார்கள். செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். எடை போட்டார்கள். அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

“ஏனுங்க, மிரட்டத்தானே சொன்னேன்?” என்றாள், மாடிப்படியில் நின்று.

“இதுக்கெல்லாம் அப்படி விட முடியாதும்மா. சட்டம் வேற,” என்றார் எஸ்.ஐ. பிறகு குரலைத் தாழ்த்தி, “உம்பேரு எங்கயும் வராது,” என்றார்.

நல்ல மனிதர்தான். சொன்னபடியே செய்தார். சாட்சிக் கூண்டில் ஏறியபோது, எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு ரகசியத் தகவல் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அப்போது தம்பி திரும்பிப் பார்த்தான்.

அவளைத்தான் பார்த்தானா, அவளுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தையா? இன்றுவரை அவளால் தீர்மானிக்க முடியவில்லை. ஜாமீனில் வந்து அதே வீட்டில்தான் இருந்தான். அவள் கையால்தான் சாப்பிட்டான். யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சொல்லியிருப்பாளா?

“ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாப்பா?” என்றார் நீதிபதி.

அவன் தொண்டையைச் செருமினான்.

“எங்க அக்காவ வெளிய அனுப்பிட்டுத் தண்டனையச் சொல்லுங்கய்யா.”

வக்கீல் கேஸ் கட்டை மூடி மேசையில் வைத்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். பெண் போலீஸ் ஒருத்தி வந்து அவள் முழங்கையைத் தொட்டாள்.

வராந்தாவில் நல்ல வெயில்.

அறைக்கு இருந்தது அரைக்கதவு. மேலேயும் கீழேயும் திறப்பு. உள்ளே பேசுவது வெளியே கேட்டது.

காதைப் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை.

ஐந்து ஆண்டு. கடுங்காவல்.

அபராதம் பற்றியும் ஏதோ சொன்னார்கள். அது காதில் ஏறவில்லை.

பெண் போலீஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவனைக் கூட்டி வந்தார்கள். ஒரு பக்கம் ஏட்டு, மறுபக்கம் இன்னொரு போலீஸ். வந்ததும் சிரித்தான்.

“ஒரு வருசந்தான்க்கா.”

ஏட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

அவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அது தொண்டைவரை வந்துவிட்டது. அவன் கண்கள் அவள் வாயையே பார்த்தன. வேண்டாம் என்பதுபோல இருந்தது. அல்லது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கலாம்.

“ஒண்ணுதானா?” என்றாள். “நான் பயந்தே போயிட்டன் சாமி. அப்ப வந்ததும் உனக்குப் பொண்ணு பாத்தர்லாம்.”

“பாருக்கா.”

“எப்படிப்பட்ட பொண்ணு வேணும்?”

“எப்படி இருந்தாலும் சரி. வாய் மட்டும் உன்னையாட்ட இருக்கக்கூடாது.”

அவள் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள்.

ஜெயில் வண்டி வர நேரமானது. அதுவரை இருவரும் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினார்கள். வேலைக்குப் போகிறவளாக இருக்கலாமா, தாலி எந்தக் கோயிலில் கட்டுவது, யார் யாரைக் கூப்பிடக் கூடாது.

ஏட்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, பல்லடத்தில் தனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, நல்ல குடும்பம், என்றார்.