வெள்ளைத் தட்டு

அடுப்படி மேடையில் நாலு பால் புட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. வாய் அகன்றது, இடுப்பு வளைந்தது, கண்ணாடி, பிளாஸ்டிக் என்று குலசேகரன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை. நாலையும் மகள் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டாள். பிரசவ லீவு முடிந்து மனைவி தமயந்தி இன்றுதான் கண்டக்டர் வேலைக்குத் திரும்பியிருந்தாள். முதல் நடை முடிந்ததும் போன் செய்தாள். "மத்தியானத்துக்குள்ள குடிக்கலன்னா சொல்லிருங்க. மறுபடி லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"நீ வண்டியப் பாரு" என்று வைத்துவிட்டான்.

அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மிவிட்டது. அப்படி என்னதான் கசக்கிறது இதில்? ஆத்திரத்தில், மீசையும் தானுமாக, அவனே புட்டியை வாயில் வைத்துச் சப்பினான். கன்னம் குழிந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. மூடியைத் திருகினான். நிப்பிளுக்கு அடியில், வெளியே கொண்டுபோகும்போது பால் சிந்தாமலிருக்க வைக்கும் வெள்ளைத் தட்டு. நாலு புட்டியிலும், ஒவ்வொரு தடவையும், அதையும் மறக்காமல் கொதிக்கவைத்து, உதறி, தன் கையாலேயே பொருத்தியிருந்தான்.

"அட மடையா!" தன்னையே திட்டிக்கொண்டு தட்டை வீசினான்.

மறுபடி போன் வந்தது. அதை மகளின் வாயருகே பிடித்தான். மடக் மடக்கென்ற சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு வண்டி கிளம்ப, காது கிழிய இரண்டு விசில்.